கான்சர்ட்டுக்கு முன் பேண்டைச் சந்திக்க: சென்னையில் காத்திருப்பதற்கான முழுமையான வழிகாட்டி

டிக்கெட்டில் "கேட் திறப்பு மாலை 4 மணி" என்று போட்டிருந்தால், புதிதாக வருபவர்கள் பேண்டைப் பார்க்க மூன்றரைக்கு வந்து நிற்பார்கள். அதற்குள் பேண்ட் வந்து, சவுண்ட்செக்கை (கருவிகளையும் மைக்கையும் மேடையில் வாசித்துச் சரிபார்ப்பதை) முடித்து, ஹோட்டலுக்குத் திரும்பிப் படுத்திருக்கும். நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். பிடித்த ராக் பேண்டை மேடையேறும் முன் சந்தித்து ஒரு கையெழுத்தோ படமோ வாங்குவதில் அதிர்ஷ்டத்தைவிட நேரக் கணக்குக்குத்தான் பங்கு அதிகம். மீதி, அங்கே வேலை செய்பவர்களுக்குக் குறுக்கே நிற்காத பக்குவம்.

படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முதல் ஐந்தும் நிகழ்ச்சிக்கு முந்தைய நாளுக்குள் முடிய வேண்டியவை. அவற்றை விட்டுவிட்டு நேராக கேட்டில் போய் நிற்பவர்களுக்குத்தான் "ஆறு மணி நேரம் நின்னேன், கார் கண்ணாடிதான் தெரிஞ்சுது" என்ற கதை கிடைக்கிறது.

1. எந்த மாதிரி இடம் என்று பாருங்கள்

எங்கே நிற்பது, எப்போது நிற்பது, நின்றால் பலன் உண்டா என்ற மூன்றையும் இடம்தான் முடிவு செய்கிறது. அதனால் இதுதான் முதல் படி.

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மாதிரி திறந்த மைதானத்தில் மேடை, தடுப்பு, கழிப்பறை என எல்லாமே அந்த நிகழ்ச்சிக்காகப் போடப்படுபவை. ரசிகர்களுக்கு ஒரு வழி, லாரிகளுக்கும் கலைஞர்களுக்கும் வேறு வழி. சென்ற முறை எந்த வழியாக வண்டி போனதோ அதே வழி இந்த முறையும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். மேடை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும்.

சேத்துப்பட்டு ஹாரிங்டன் சாலையில் இருக்கும் சர் முத்தா வெங்கடசுப்பா ராவ் அரங்கம் போன்ற மூடிய அரங்கில் வழிகள் நிலையானவை. மேடைக்குப் பின்புறம் போகும் பாதையை ஒருமுறை தெரிந்துகொண்டால் அடுத்தடுத்த நிகழ்ச்சிகளுக்கும் உதவும். ஆனால் அது பள்ளி வளாகத்துக்குள் இருக்கும் அரங்கம். வேலை நாளில் பிள்ளைகள் வெளியே வரும் நேரத்தில் வாசலில் கூட்டம் போடுவது யாருக்கும் பிடிக்காது, பிடிக்கவும் கூடாது.

கல்லூரி விழா தனி ரகம். ஜனவரியில் ஐஐடி மெட்ராஸில் நடக்கும் சாரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு நிகழ்ச்சி நடக்கும் திறந்தவெளி அரங்கம் வளாகத்தின் உள்ளே வெகுதூரத்தில் இருக்கிறது. கலைஞர்களின் கார் நேராக உள்ளே போய்விடும். சர்தார் படேல் சாலையில் பிரதான வாசலில் நிற்பதால் ஒரு பயனும் இல்லை. முன்பதிவு, அடையாள அட்டை எல்லாம் முடித்து உள்ளே போனால்தான் ஏதாவது நடக்கும். அங்கே பாதுகாப்பில் நிற்பவர்களில் பாதிப் பேர் மாணவத் தன்னார்வலர்கள். அவர்களிடம் கெஞ்சாதீர்கள். அவர்களுக்கும் பேண்டோடு ஒரு படம் வேண்டும், கிடைக்காத எரிச்சலில் இருப்பார்கள்.

வேளச்சேரி ஃபீனிக்ஸ் மாதிரி மால் முற்றத்திலோ சின்ன பப்பிலோ என்றால் விஷயம் எளிது. சவுண்ட்செக்கையே பெரும்பாலும் நின்று பார்க்கலாம். முடிந்ததும் மேடையோரம் போய்ப் பேசலாம். முதல்முறை முயல்பவர்கள் இங்கே தொடங்குவது நல்லது. உள்ளூர் பேண்ட் என்றால் டிரம்மரே டிரம்ஸைத் தூக்கிக்கொண்டு வருவார்.

2. நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

இந்தப் படியில்தான் எல்லாம் இருக்கிறது. நிதானமாகப் படியுங்கள்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. வருடத்தில் சில நாட்களுக்கு மட்டும் மாநில அரசு நள்ளிரவு வரை தளர்வு தரலாம். ஆகவே மைதான நிகழ்ச்சி என்றால் பத்து மணியை முடிவாக வைத்துப் பின்னோக்கி வாருங்கள்.

முக்கிய பேண்ட் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வாசிக்கும் என்றால் எட்டு மணிக்கு மேடையேற வேண்டும். அதற்கு முன் ஒன்றிரண்டு துணை பேண்டுகள், ஆறு ஆறரைக்குத் தொடங்கும். ரசிகர்களை உள்ளே விடுவது நான்கு அல்லது ஐந்து மணிக்கு. சவுண்ட்செக்கை ரசிகர்கள் முன் செய்வதை யாரும் விரும்புவதில்லை. எனவே கேட் திறப்பதற்குள் எல்லாப் பேண்டுகளின் சவுண்ட்செக்கும் முடிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் புதியவர்கள் சறுக்குவார்கள். "நம்ம பேண்ட் கடைசியா வாசிக்குது, அப்ப கடைசியாத்தான் வரும்" என்று நினைப்பார்கள். வழக்கம் தலைகீழ். கடைசியாக வாசிக்கும் பேண்ட்தான் முதலில் சவுண்ட்செக் செய்யும். காரணம் எளிது. அவர்களுடைய கருவிகள் அதிகம், நேரமும் அதிகம் பிடிக்கும். முடிந்ததும் அந்தக் கருவிகளை அப்படியே பின்னால் தள்ளி வைத்துவிட்டு, அவற்றுக்கு முன்னால் துணை பேண்டின் கருவிகளை வைப்பார்கள். மாலையில் துணை பேண்ட் வாசித்து முடித்ததும் முன்னால் இருப்பதை எடுத்துவிட்டால் முக்கிய பேண்டின் மேடை தயாராக இருக்கும்.

அப்படியானால் நான்கு மணி கேட் என்ற நிகழ்ச்சியில் முக்கிய பேண்ட் மதியம் பன்னிரண்டை ஒட்டி வரும், இரண்டு இரண்டரைக்குக் கிளம்பும். நீங்கள் பதினொன்றுக்கு அங்கே இருக்க வேண்டும். அரங்கத்தில் ஏழு மணி நிகழ்ச்சி என்றால் இதையே இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஒரே நாளில் ஏழெட்டு பேண்டுகள் வாசிக்கும் விழாவில் பலருக்கு முழு சவுண்ட்செக்கே கிடையாது. மேடையேறும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் ஒவ்வொரு வயரும் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். அன்று பேண்ட் தாமதமாக வரும், பரபரப்பாக வரும். அந்த மாதிரி நாளில் முன்னால் சந்திக்கும் முயற்சியை விட்டுவிட்டு, நிகழ்ச்சிக்குப் பிறகு முயலுங்கள்.

3. காசு கொடுத்துச் சந்திக்கும் பாஸ்: வாங்கும் முன் நிபந்தனையைப் படியுங்கள்

சில நிகழ்ச்சிகளில் புக்மைஷோ, டிஸ்ட்ரிக்ட் போன்ற தளங்களில் "மீட் அண்ட் கிரீட்" பாஸ் விற்பார்கள். வசதி இருந்தால் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அதில் என்ன அடங்கும் என்பதை வரி வரியாகப் படியுங்கள். பல பாஸ்களில் குழுப் படம் ஒன்றுதான், கையெழுத்து கிடையாது. சிலவற்றில் உங்கள் ஃபோனை வெளியே வைத்துவிட வேண்டும், அவர்களே எடுத்துப் பிறகு அனுப்புவார்கள். பெயர் மாற்ற முடியாது, அடையாள அட்டையோடு பொருந்த வேண்டும் என்பதும் வழக்கம். வரச்சொல்லும் நேரம் கேட் திறப்புக்கு முன்னால் இருக்கும். பாஸ் வாங்கியும் டிராஃபிக்கில் மாட்டித் தவறவிட்டவர்கள் எல்லா நிகழ்ச்சியிலும் உண்டு.

வாட்ஸ்ஆப்பிலும் டெலிகிராமிலும் "கிரீன் ரூம் பாஸ் இருக்கு ப்ரோ, பாதி விலை" என்று வருவதை நம்பாதீர்கள். மேடைக்குப் பின்னால் போகும் அட்டை வேலை செய்பவர்களுக்கும் பேண்டின் விருந்தினர்களுக்கும் தரப்படுவது, விற்கப்படுவதில்லை. அதை பிடிஎஃப் கோப்பாக அனுப்புகிறேன் என்றாலே பொய். பணத்தை அனுப்பி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு.

4. வாய்விட்டு ஒருமுறை கேட்டுவிடுங்கள்

வாசலில் தவம் கிடப்பதற்கு முன், ஒரு வாரம் முன்பே பேண்டின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். உலகப் புகழ் பேண்டிடமிருந்து பதில் வராது. ஆனால் பெங்களூரிலிருந்து வரும் அகம், கேரளாவின் தைக்குடம் பிரிட்ஜ் போன்ற பேண்டுகள் முதல் நம்மூர் பேண்டுகள் வரை, பக்கத்தைப் பார்த்துக்கொள்பவர் யாரோ ஒருவர் படிக்கத்தான் செய்கிறார்.

செய்தி சுருக்கமாக இருக்கட்டும். யார், எத்தனை பேர், என்ன வேண்டும், எப்போது முடியும். "நாங்க ரெண்டு பேர். சவுண்ட்செக் முடிஞ்சு நீங்க கிளம்பும்போது ஒரு ஆல்பத்துல கையெழுத்து மட்டும் வேணும். எந்தப் பக்கம் நின்னா உங்களுக்குத் தொந்தரவு இருக்காது?" இந்தக் கடைசிக் கேள்விதான் பதிலை வரவழைக்கும். "சின்ன வயசுல இருந்தே உங்க வெறியன்" என்று மூன்று பத்தி எழுதினால் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள், என்ன பதில் சொல்வதென்று அவர்களுக்கே தெரியாது.

5. பை: எது வேண்டும், எது கேட்டில் பறிபோகும்

கையெழுத்து வாங்கும் பொருளை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கேற்ப பேனா.

வெளிர் நிறத்தில், பளபளப்பு இல்லாத தாளுக்குக் கறுப்பு பெர்மனென்ட் மார்க்கர் போதும். இசைத்தட்டு உறை மாதிரி கறுப்புப் பின்னணி என்றால் வெள்ளி நிற பெயின்ட் மார்க்கர். அதை நன்றாகக் குலுக்கி, பழைய தாளில் முனையை அழுத்தி மை வரவைத்து, அதன் பிறகே நீட்ட வேண்டும். கலைஞர் கையில் கொடுத்த பிறகு குலுக்கத் தொடங்கினால் உங்கள் நேரம் அதிலேயே போய்விடும். பளபளப்பான படத்தில் மை காயச் சில நிமிடமாவது ஆகும். சென்னை வியர்வையில் கட்டை விரலால் ஒரு தேய்ப்பு, அத்தோடு கையெழுத்து மேகமாகிவிடும். ஓரத்தைப் பிடித்தபடியே நில்லுங்கள்.

டி-ஷர்ட்டில் கையெழுத்து என்றால் உள்ளே ஓர் அட்டையைச் செருகி இழுத்துப் பிடியுங்கள். இல்லையென்றால் மார்க்கர் துணியோடு சேர்ந்து நகரும், மறுபக்கமும் ஊறும். கிட்டாரைத் தூக்கி வருபவர்கள் அதன் பிக்கார்டை (கிட்டாரின் உடலைக் கீறலிலிருந்து காக்கும் தகட்டை) மட்டும் கழற்றி எடுத்துவந்தால் போதும். முழுக் கிட்டாரையும் எந்தக் காவலரும் உள்ளே விடமாட்டார்.

பெரிய சிக்கல் அடுத்தது. மதியம் கையெழுத்து வாங்கிய போஸ்டரும் மார்க்கரும் மாலையில் ரசிகர் கேட்டில் தடைப்பட்டியலில் இருக்கலாம். தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், குடை, பெரிய பை ஆகியவற்றுக்கும் பல நிகழ்ச்சிகளில் அனுமதி இல்லை. டிக்கெட்டின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அதனால் பொருளை எங்கே விட்டுவிட்டு உள்ளே போவது என்பதை முந்தைய நாளே தீர்மானியுங்கள். பக்கத்தில் இருக்கும் நண்பர் வீடு உத்தமம். பூட்டும் வசதியுள்ள டூவீலர் பெட்டி இரண்டாவது, ஆனால் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் இசைத்தட்டு வளைந்துவிடும். கேட் ஓரமாக டீக்கடை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போவது பரிதாபமான யோசனை. நிகழ்ச்சி முடிந்து வரும்போது கடை மூடியிருக்கும்.

உடம்புக்கு: ஒரு லிட்டர் தண்ணீர், ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு, தொப்பி. பிப்ரவரி வெயில்கூட இரண்டு மணிக்கு மண்டையைப் பிளக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் மெல்லிய மழைக்கோட்டு ஒன்றும், தாள்களுக்கு மூடும் பிளாஸ்டிக் ஃபைலும் வேண்டும். குடை வேண்டாம், பின்னால் நிற்பவர் கண்ணைக் குத்தும், கேட்டிலும் பறிப்பார்கள்.

பரிசு கொடுக்க ஆசை இருந்தால் சின்னதாக, தட்டையாக. அவர்கள் மறுநாள் விமானம் ஏறுபவர்கள், பெட்டி எடை அவர்களுக்கும் உண்டு. வீட்டுச் சமையலைத் திறந்த டப்பாவில் கொண்டுவராதீர்கள். முன்பின் தெரியாதவர் தரும் உணவை மேடையேறும் முன் யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். பொன்னாடை வேண்டவே வேண்டாம். அதைப் போர்த்தி முடிப்பதற்குள் பேண்டின் பயணத்தையும் நேரத்தையும் கவனிக்கும் டூர் மேனேஜர் நாலு முறை கடிகாரத்தைப் பார்த்துவிடுவார்.

6. நிற்கும் இடம்

முந்தைய நாள் மாலை அந்தப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். மேடை எழும்பிக்கொண்டிருக்கும். ஜெனரேட்டர் வண்டியும் கருவி லாரியும் எந்த வழியாகப் போகின்றன என்று பாருங்கள். பேண்டின் வேனும் பெரும்பாலும் அதே வழிதான், ஏனென்றால் மேடையின் பின்பக்கத்துக்குப் போகும் பாதை மைதானத்தில் ஒன்றுதான் போட்டிருப்பார்கள். கழிப்பறை எங்கே, நிழல் எங்கே என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நந்தனத்தில் மெட்ரோ நிலையம் பக்கத்திலேயே இருப்பது பெரிய வசதி.

மறுநாள் காலை வந்ததும் முதல் வேலை, அந்த வழியில் நிற்கும் காவலரிடம் நீங்களாகவே போய்ப் பேசுவது. ஒளிந்து நிற்பவரைக் கண்டால்தான் அவர் விரட்டுவார். "அண்ணா, பேண்ட் வெளிய போறப்ப ஒரு கையெழுத்து வாங்கணும். இந்த ஓரமா நிக்கலாமா? வண்டி வந்தா நகர்ந்துக்குறோம்." அவர் "இங்க கூடாது, அந்த மரத்தாண்ட நில்லு" என்றால் மரத்தடிக்குப் போங்கள். வாதாடாதீர்கள். அவர் காட்டிய இடத்தில் நிற்பவர் என்று ஆகிவிட்டால், பிறகு கூட்டம் சேரும்போது அவரே "இவங்க காலையிலேர்ந்து நிக்கிறாங்க" என்பார். அந்த ஒரு வாக்கியம் எந்தப் பாஸுக்கும் குறைந்ததில்லை.

கேட்டுக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது, வண்டி திரும்பும் இடம் அது. வளைவில் நிற்கக் கூடாது, டிரைவருக்குத் தெரியமாட்டீர்கள். வண்டி மெதுவாகும் இடத்துக்குப் பத்திருபது அடி தள்ளி, டிரைவர் பக்கமில்லாத ஓரம் சரியானது. அண்ணா சாலை நடைபாதையில் கும்பல் சேர்ந்தால் போக்குவரத்துக் காவலர் வந்து மொத்தமாகக் கலைப்பார், அதனால் சாலையோரத்தைத் தவிர்த்து உட்புறப் பாதையைத் தேடுங்கள்.

ஹோட்டல் வாசல் பற்றியும் கேட்பீர்கள். நான் வேண்டாம் என்பேன். ஹோட்டல் அவர்களுக்கு வீடு மாதிரி. அங்கே வழிமறிப்பவர் மேல் வரும் எரிச்சல் மைதானத்தில் நிற்பவர் தலையிலும் விழும். விமான நிலைய வருகை வாசல் பொது இடம்தான், நிற்கலாம். ஆனால் தூக்கம் கெட்டு இறங்குபவரிடம் தலையசைப்புக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பைக்கில் வேனைத் துரத்துவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. கால் உடைந்தவரைக் கையெழுத்துக்காக யாரும் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்ப்பதில்லை.

7. கூட்டத்தைச் சின்னதாக வைத்திருங்கள்

நாலைந்து பேர் நின்றால் பேண்ட் நிறுத்திப் பேசும். முப்பது பேர் நின்றால் வண்டி நிற்காது, நிறுத்த விடவும் மாட்டார்கள். எனவே நிற்கும் இடத்தை ஸ்டோரியில் போடாதீர்கள். படம் எடுங்கள், இரவு வீட்டுக்கு வந்து போடுங்கள்.

யார் முதலில் வந்தார்கள் என்பதை ஒரு தாளில் எண் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பொதுவாக முதலில் வந்தவரே இதைத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் யாரும் தொடங்கமாட்டார்கள். ஒருவர் ஒரு இடத்தைத்தான் பிடிக்கலாம். "மச்சி, கேங்கு வந்துட்டு இருக்கு, ஆறு பேரு" என்பதை அனுமதித்தால் காலையிலிருந்து வெயிலில் நின்றவர்கள் கொதிப்பார்கள், தள்ளுமுள்ளு அங்கேதான் தொடங்கும். கழிப்பறைக்கும் சாப்பாட்டுக்கும் போய்வர இருபது நிமிடம் இடம் காக்கலாம்.

பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவர் ஒருவரோடு வாருங்கள். தனியாக வரும் பெண்கள், "உள்ள கூட்டிட்டுப் போறேன், நீங்க மட்டும் வாங்க" என்று அட்டை மாட்டிய யாராவது சொன்னால் போகாதீர்கள். உண்மையான அழைப்பு எல்லோர் முன்னிலையிலும் வரும், கூட ஒருவரை அழைத்துவர மறுப்பு இருக்காது. தமிழ்நாடு காவல்துறையின் காவல் உதவி செயலியை ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112, மயக்கம் காயம் என்றால் 108.

8. காதை வைத்து நேரம் பாருங்கள்

உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத் தெரியும்.

"ஷ்ஷ்" என்று மழை மாதிரி இரைச்சல், பிறகு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப நிறுத்தி நிறுத்திப் போடுவது: ஸ்பீக்கர்களைச் சரிசெய்கிறார்கள். பேண்ட் இன்னும் வரவில்லை. உட்காருங்கள்.

ஒரே டிரம்மில் நிமிடக்கணக்கில் "டும்... டும்... டும்...", இடையில் "செக், ஒன், டூ": பெரும்பாலும் தொழில்நுட்ப ஆட்கள். டிரம்ஸ் சத்தம் கேட்டதுமே "வந்துட்டாங்க" என்று கேட்டை நோக்கி ஓடுபவர்கள் இங்கே தான் ஏமாறுவார்கள்.

டிரம்ஸ், பிறகு பேஸ் (தாழ்ந்த ஒலி தரும் கிட்டார்), கிட்டார், கீபோர்டு, கடைசியில் குரல் என்ற வரிசையில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தால் பேண்ட் மேடையில் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஒரு பாட்டு, பாதியில் நிறுத்தி இன்னொரு பாட்டு என்று கேட்டால் முடிவுக்கு வந்துவிட்டார்கள். அப்போது எழுந்திருங்கள். தண்ணீர் குடித்து, மார்க்கரைக் குலுக்கி, ஃபோன் லென்ஸை வியர்வை போகத் துடைத்து, இடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்ப அரை மணி நேரம் வரை ஆகலாம். அந்த நேரத்தில் டீ குடிக்கப் போகிறவர் எப்போதும் ஒருவர் இருப்பார், அது நீங்களாக இருக்க வேண்டாம்.

9. வரும்போது விடுங்கள், போகும்போது கேளுங்கள்

வேன் உள்ளே வரும்போது கையை அசையுங்கள், அவ்வளவுதான். வழிமறிக்கவோ கண்ணாடியைத் தட்டவோ வேண்டாம். சவுண்ட்செக்குக்கு ஒதுக்கிய நேரம் ஓடிக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் தாமதமானால் அவர்களுக்குப் பின்னால் வரும் துணை பேண்டின் நேரம்தான் வெட்டுப்படும். அந்தப் பதற்றத்தில் இருப்பவரிடம் கேட்டால் "இல்லை" என்ற பதில் உறுதி. ஒருமுறை மறுத்துவிட்டால் திரும்பும்போதும் அதே பதில்தான்.

சவுண்ட்செக் முடிந்து வரும்போது நிலைமை வேறு. வேலை ஒன்று முடிந்த நிம்மதி, மாலை வரை அவசரமில்லை. வரும்போது கையசைத்த அதே முகங்கள் அதே ஓரத்தில், கூச்சல் போடாமல் நிற்பதைப் பார்த்தால் வண்டியை நிறுத்தச் சொல்பவர் பெரும்பாலும் பேண்டில் ஒருவராகத்தான் இருப்பார்.

டூர் மேனேஜரை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் இறங்குபவர், இரண்டு ஃபோன் வைத்திருப்பவர், எல்லோரும் யாரிடம் கேள்வி கேட்கிறார்களோ அவர். கேட்க வேண்டியது அவரிடம். "ஐந்து பேர் இருக்கிறோம், ஆளுக்கு ஒரு கையெழுத்து, மொத்தமாக ஒரே படம்." எண்ணிக்கையும் அளவும் தெரிந்த கோரிக்கைக்குச் சம்மதிப்பது அவருக்குச் சுலபம். பேண்ட் ஹோட்டலுக்குப் போகாமல் கிரீன் ரூமிலேயே தங்கிவிடுவதும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலை மாதிரி தள்ளி இருக்கும் இடங்களில் இது அடிக்கடி நடக்கும். சவுண்ட்செக் முடிந்து முக்கால் மணி நேரம் ஆகியும் வண்டி வரவில்லையென்றால் காவலரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு, ரசிகர் வரிசைக்குப் போய்விடுங்கள்.

10. அந்த அரை நிமிடம்

கல்யாண ரிசப்ஷன் மேடையில் எப்படி நடந்துகொள்வீர்களோ அப்படி: ஏறு, ஒரு வார்த்தை, படம், இறங்கு. பின்னால் வரிசை இருக்கிறது.

வணக்கம் சொல்லுங்கள். கையைப் பிடித்துக் குலுக்காதீர்கள். கிட்டார், டிரம்ஸ் வாசிப்பவருக்குக் கைதான் பிழைப்பு. உணர்ச்சிவசப்பட்டு நசுக்கும் இருபது கைகளுக்குப் பிறகு மேடையேறுவது எளிதல்ல. அவர்களாக நீட்டினால் மென்மையாகப் பிடியுங்கள். கட்டிப்பிடிப்பது அவர்கள் தொடங்கினால் மட்டும். பாடகர் பேசாமல் சிரித்தால் திமிர் என்று நினைக்காதீர்கள், இரவுக்குக் குரலைச் சேமிக்கிறார். பக்கத்தில் நின்று சிகரெட் பிடிப்பவர் உங்கள் குழுவில் இருந்தால் முன்கூட்டியே தள்ளி நிறுத்துங்கள்.

கையெழுத்து முதலில், படம் பிறகு. படம் எடுத்ததும் கலைஞர் நகரத் தொடங்கிவிடுவார், அந்த நேரத்தில் பையிலிருந்து பொருளைத் தேடினால் கிடைக்காது. பொருளைக் கையெழுத்திட வேண்டிய இடம் மேலே தெரியும்படி, மார்க்கர் மூடியைக் கழற்றி, பின்னால் அட்டை வைத்து நீட்டுங்கள். உங்கள் பெயரை எழுதச் சொன்னால் எழுத்து எழுத்தாக ஒரு தாளில் காட்டுங்கள். வெளியூர்க்காரருக்கு "தமிழ்ச்செல்வி"யை வாயால் சொல்லிப் புரியவைக்க உங்களுக்கு நேரமில்லை. ஆளுக்கு ஒரு பொருள் போதும். ஐந்து இசைத்தட்டை நீட்டுபவரை விற்பனைக்காரர் என்று நினைத்துவிடுவார்கள்.

செல்ஃபி வேண்டாம். பின்னால் நிற்பவரிடம் ஃபோனைக் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள், பத்து மடங்கு வேகம். வெயில் முகத்தில் விழும்படி நில்லுங்கள், முதுகில் விழுந்தால் எல்லோரும் நிழலுருவம்தான். கேமராவை முன்பே திறந்து, ஸ்கிரீன் லாக்கை நீட்டித்து வைத்திருக்க வேண்டும். கைரேகை வைக்கத் தெரியாமல் திணறும் நண்பரால் படம் போனவர்கள் நிறைய.

பேசுவதற்கு ஒரே வாக்கியம் தயாராக இருக்கட்டும். "நான் உங்க பெரிய ஃபேன்" என்பதை அன்று அவர்கள் எல்லோரிடமும் கேட்பார்கள். ஒரு குறிப்பிட்ட பாட்டில் குறிப்பிட்ட இடத்தைச் சொல்லுங்கள், "ரெண்டாவது சரணத்துக்கு அப்புறம் பேஸ் மட்டும் வருமே, அது". சம்பந்தப்பட்டவர் நிமிர்ந்து பார்ப்பார். நீங்கள் திட்டமிட்டதைவிட நீண்ட உரையாடல் அப்போதுதான் கிடைக்கும். பேண்டில் பாடகரை மட்டும் மொய்த்துவிட்டு பேஸ் வாசிப்பவரைத் தாண்டிப் போவதும் அநாகரிகம். அவர் சும்மா நின்றுகொண்டிருப்பார், அவரிடம்தான் நேரமும் இருக்கும்.

11. நடக்காவிட்டால்

வண்டி நிற்காமல் போனால் அங்கேயே மாலை வரை காத்திருக்காதீர்கள். இரண்டாவது முறை, ஆறரை ஏழு மணிக்கு அவர்கள் திரும்பும்போது முதல்முறையைவிட அவசரம் அதிகம். அதற்காக ரசிகர் வரிசையில் முன் இடத்தை இழப்பது வீண்.

நிகழ்ச்சிக்குப் பிறகு சின்ன, நடுத்தர பேண்டுகள் டி-ஷர்ட் விற்கும் மேசைக்கு வருவதுண்டு. மேசையில் இருப்பவரிடம் இடைவேளையிலேயே "முடிஞ்சதும் வருவாங்களா?" என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். வருவார்கள் என்றால் அங்கேயே ஏதாவது ஒன்றை வாங்கி அதில் கையெழுத்து கேளுங்கள், மார்க்கரும் அவர்களிடமே இருக்கும். அந்தப் பணம் நேராக பேண்டுக்குப் போவதால் நின்று பேசவும் செய்வார்கள்.

மெட்ரோவில் போகிறவர்கள் கடைசி ரயில் உங்கள் நிலையத்தை எத்தனை மணிக்குக் கடக்கும் என்று பகலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். முனையங்களிலிருந்து கடைசி ரயில் இரவு 11 மணி வாக்கில் கிளம்பும். பத்து மணிக்கு நிகழ்ச்சி முடிந்து, மேசையில் வரிசை நகர நாற்பது நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தே முக்காலுக்கு மேல் நிற்பதாக இருந்தால் வீட்டுக்குப் போக வேறு வழியை முன்பே ஏற்பாடு செய்துவிட்டு நில்லுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் அந்தப் பகுதியில் ஆட்டோ சொல்லும் விலைக்கு இன்னொரு டிக்கெட்டே வாங்கிவிடலாம்.